27 இன்ச் மீன்

போன வாரம் ஒரு ராத்திரி. கிளினிக்கை மூடிவிட்டு பதினோரு மணிக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன். இப்போது அமெரிக்காவில் டாக்டர். லீவு போட்டுவிட்டு குடும்பத்தோடு அலாஸ்காவில் கெட்சிக்கன் என்ற ஊருக்குப் போயிருக்கிறான். கையில் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னும் ஒரு மீன். முகத்தில் ஃபைனல் இயர் ரிசல்ட் வந்த அன்றைக்கு இருந்த அதே சிரிப்பு.

"செம மீன்டா. இன்னிக்கு விருந்தா?" என்று கேட்டேன்.

"அட போடா. ஒரு போட்டோ எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு படகுக்காரர் டேப் வெச்சு அளந்தார். 27 இன்ச். 28 இருந்தாத்தான் எடுத்துக்கலாமாம். அப்படியே திரும்ப கடல்ல விட்டுட்டார். ஒரே ஒரு இன்ச்சுடா! சுத்தி பத்து மைலுக்கு ஒரு ஆள் இல்ல. யாருடா பார்க்கப் போறா?"

சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி தூங்க விடவில்லை. யாரும் பார்க்காத கடலில், காசு கொடுத்து வந்த கஸ்டமர் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே, ஒரு மனிதர் ஒரு இன்ச்சுக்காக ஏன் மீனை விட வேண்டும்?

பதில் சொல்ல நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடாவை ஒட்டி, ஒரு வால் மாதிரி கீழே இறங்கும் பகுதிதான் தென்கிழக்கு அலாஸ்கா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். பசிபிக் பெருங்கடலின் பேரலைகளை இந்தத் தீவுகள் வெளிப்பக்கமே தடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் கடல்பாதை பெரும்பாலும் ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். சின்னப் படகிலேயே நிம்மதியாகப் போகலாம். கரை முழுக்க டோங்காஸ் காடு. கெட்சிக்கனில் வருடத்துக்கு சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை. நம்ம சென்னை மழையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

அங்கே மீன்பிடி சுற்றுலா என்றால் அவசரமே கிடையாது. காலையில் படகில் ஏறுவீர்கள். தூண்டிலில் ஹெர்ரிங் மீனை, அதாவது நம்ம மத்தி குடும்பத்து மீனை, இரையாகக் கோத்து ஆழத்தில் இறக்குவார்கள். படகு நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் காபி குடித்துக்கொண்டு திமிங்கிலம் மூச்சு விடுவதையும், கழுகு மீனைக் கொத்திக்கொண்டு போவதையும் வேடிக்கை பார்க்கலாம். தூண்டில்கோல் வளைந்தால் எழுந்தால் போதும்.

அங்கே ஐந்து வகை சால்மன் உண்டு. ஊர்க்காரர்கள் குழந்தைகளுக்கு விரல் வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கட்டைவிரல் ஆங்கிலத்தில் 'தம்', அதற்கு எதுகையாக 'சம்' சால்மன். ஆள்காட்டி விரலால் கண்ணைக் குத்தினால் 'சாக்-ஐ'. உயரமான நடுவிரல் 'கிங்'. மோதிர விரலுக்கு 'சில்வர்'. சுண்டுவிரல் 'பிங்கி', எனவே 'பிங்க்'. ஒரு தடவை சொன்னால் மறக்காது. என் நண்பன் பிடித்தது நடுவிரல். கிங் சால்மன்.

இப்போது கொஞ்சம் உடலியல். இது தெரியாமல் வரலாறு புரியாது.

சால்மன் ஆற்றில் பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். முட்டையிட மறுபடியும் பிறந்த ஆற்றையே தேடி வரும். இது நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். டாக்டராக எனக்கு வியப்பு தருவது அதற்கு அடுத்த கட்டம்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். சேர்த்து வைத்த கொழுப்பையும் சொந்தத் தசையையும் எரித்துத்தான் எதிர்நீச்சல். நம் அட்ரீனலுக்கு இணையான அதன் சுரப்பி பெருத்து, கார்டிசால் தாறுமாறாக ஏறும். குஷிங்ஸ் சிண்ட்ரோம் என்று நாங்கள் படிப்போமே, கிட்டத்தட்ட அதே கோலம். தசை கரையும். எதிர்ப்பு சக்தி படுத்துவிடும். தோலில் பூஞ்சை பிடிக்கும். முட்டையிட்ட சில நாட்களிலேயே செத்துவிடும்.

கோகனி என்ற சால்மன் வகையில் இனப்பெருக்கச் சுரப்பிகள் முதிர்வதற்கு முன்பே அவற்றை நீக்கிப் பார்த்தார்கள். நாலு வயதில் சாக வேண்டிய மீன்களில் சில எட்டு வயது வரை வாழ்ந்தன. அதாவது அந்தச் சாவு முதுமையால் வருவது இல்லை. இனப்பெருக்கத்துக்குக் கொடுக்கும் விலை.

அதன் உடம்பும் வீண் போவதில்லை. கரடி கரைக்கு இழுத்துப் போய் பாதி தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும். கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆற்றங்கரை மரங்களுக்குள்ளேயே விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காட்டுக்கு உரம் போடுவதே சால்மன்தான்.

இதில் நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பசிபிக் சால்மனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சான்ஸ். ஆற்றின் வாசலில் வைத்து மொத்தமாக மறித்துவிட்டால் அடுத்த தலைமுறையே கிடையாது.

இந்த வாசல் ரகசியம் அங்கே முதலில் குடியிருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

டிலிங்கிட், ஹைடா மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கரையில் வாழ்கிறார்கள். டிலிங்கிட் வழக்கத்தில் ஒவ்வொரு சால்மன் ஓடைக்கும் ஒரு குலம் பொறுப்பு. வேறு குலத்தார் அங்கே மீன் பிடிக்க வேண்டுமானால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். குளிர்காலத்துக்குத் தேவையானதைப் பிடித்து, பிளந்து, புகையில் உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். ஓடையில் மீன் குறைந்தால் பட்டினி கிடப்பது சொந்தப் பிள்ளைகள் என்பதால் யாரும் வந்து சட்டம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1867-ல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு 72 லட்சம் டாலருக்கு விற்றது. அந்தக் குலங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1878-ல் கிளாவாக், பழைய சிட்கா என்ற இரண்டு இடங்களில் சால்மனை டின்னில் அடைக்கும் ஃபேக்டரிகள் வந்தன. அலாஸ்காவின் முதல் டின் ஃபேக்டரிகள் இவைதான். கிளாவாக் ஒரு டிலிங்கிட் கிராமம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

டின் வந்ததும் கணக்கே மாறிவிட்டது. அதுவரை அலாஸ்கா மீனில் பெரும்பகுதி அலாஸ்காவிலேயே சாப்பிடப்பட்டது. இப்போது இங்கிலாந்தில் மில் தொழிலாளி வீட்டு அலமாரியில் போய் உட்கார்ந்தது. கேட்பதற்கு எல்லையே இல்லாமல் போனால் பிடிப்பதற்கும் எல்லை இருக்காது இல்லையா?

ஃபேக்டரிக்குள் மீனை வெட்டி, சுத்தம் செய்து, டின்னில் அடைத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். 1882-ல் சீனர்கள் குடியேறுவதையே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வெட்டும் இயந்திரம் ஒன்று வந்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'இரும்பு' என்ற சொல்லோடு சீனர்களைத் திட்டும் வசைச்சொல்லைச் சேர்த்து வைத்தார்கள். ஒரு மனிதனின் வேலையைப் பறித்த மிஷினுக்கு அவனை இழிவுபடுத்தும் பெயரையே சூட்டிவிட்டார்கள். பிறகு ஜப்பானியர்கள், பிலிப்பினோக்கள் வந்தார்கள். தனிக் கொட்டகை, தனிச் சாப்பாடு. 1933-ல் சியாட்டிலில் பிலிப்பினோ தொழிலாளர்கள் சங்கம் கட்டிய பிறகுதான் நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது.

சரி, மீனைப் பிடித்தது எப்படி? இங்கேதான் வில்லன் வருகிறான். பெயர், மீன் பொறி.

ஆற்றைத் தேடி வரும் சால்மன் கரையை ஒட்டியே நீந்தும். கரையிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு வலைச்சுவர் கட்டிவிடுவார்கள். சுவரில் முட்டிய மீன், சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஆழத்துப் பக்கம் திரும்பும். சுவர் முடியும் இடத்தில் புனல் மாதிரி ஒரு வாசல். உள்ளே போனால் அடுத்த அறை, அதற்குள் இன்னொரு அறை. பின்னால் திரும்பும் பழக்கம் அதற்குக் கிடையாது. அவ்வளவுதான்.

படகு வேண்டாம். மீனவன் வேண்டாம். காவலுக்கு ஒன்றிரண்டு ஆள் போதும். நல்ல இடத்தில் போட்ட ஒரு பொறி ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் மீன் அள்ளும். 1907-ல் கெட்சிக்கனில் மிதக்கும் பொறியும் வந்துவிட்டது. மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, ஆழமான இடத்திலும் நங்கூரம் போட்டு நிறுத்தலாம். சில ஆண்டுகளில் கரை நெடுக நூற்றுக்கணக்கான பொறிகள்.

பெரும்பாலான பொறிகளின் முதலாளிகள் சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்த டின் கம்பெனிகள். மீன் இங்கே, பணம் அங்கே. கூலியாட்களைக்கூட வெளியிலிருந்து கப்பலில் கூட்டி வருவார்கள், பருவம் முடிந்ததும் கூட்டிப் போய்விடுவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1924-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. வருகிற மீனில் பாதியாவது ஆற்றுக்குள் போக விட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான மைல் கரைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இன்ஸ்பெக்டர்கள். என் நண்பன் கேட்டானே, "யாருடா பார்க்கப் போறா?" என்று. அதே கேள்விதான் அன்றைக்கும்.

உள்ளூர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ராத்திரியில் படகில் போய் பொறியைத் திறந்து மீனைத் திருடினார்கள். காவலாளிக்குக் காசு கொடுத்தோ, துப்பாக்கி காட்டியோ. திருடிய மீனைக் கொண்டுபோய் டின் ஃபேக்டரிக்கே விற்றதும் உண்டு! 'மீன் கொள்ளையர்' என்று பெயர். ஊருக்குள் இவர்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. வழக்கு வந்தாலும் ஜூரியில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள் பல நேரம் தண்டிக்க மனசு வரவில்லை. 'மீனே நம்மளுது, இதுல திருட்டு எங்க வந்துச்சு?' என்பதுதான் எண்ணம்.

1936-ல் அலாஸ்காவில் பிடித்த சால்மன் 12 கோடிக்கும் மேல். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறக்கம்.

அப்போது அலாஸ்கா ஒரு மாநிலம் இல்லை. மத்திய அரசின் கீழ் இருந்த வெறும் பிரதேசம். கவர்னரை ஜனாதிபதி நியமிப்பார். காங்கிரஸில் ஒரு பிரதிநிதி உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது. மீனைப் பற்றிய முடிவுகள் எல்லாம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வாஷிங்டனில். டின் கம்பெனிகளின் செல்வாக்கும் அங்கேதான்.

இந்தக் கதையில் நம்ம ஆள் ஒருவர் வருகிறார். எர்னஸ்ட் க்ரூனிங். 1912-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். ஸ்டெதஸ்கோப்பை ஓரமாக வைத்துவிட்டு பத்திரிகைக்காரர் ஆனார். 1939-ல் ரூஸ்வெல்ட் அவரை அலாஸ்கா கவர்னராக அனுப்பினார். 1953 வரை அந்தப் பதவியில் இருந்தார். அலாஸ்கா ஒரு காலனியாக நடத்தப்படுகிறது, அதற்கு மிகத் தெளிவான அடையாளம் மீன் பொறி என்று ஊர் ஊராகப் பேசினார். பிற்காலத்தில் செனட்டர் ஆகி, 1964-ல் வியட்நாம் போருக்கு வழி திறந்த டோங்கின் வளைகுடா தீர்மானத்தை செனட்டில் எதிர்த்து வாக்களித்த இரண்டே பேரில் ஒருவரும் இவர்தான்.

க்ரூனிங்குக்கு முன்பே போராடியவர்களும் உண்டு. 1912-ல் சிட்காவில் பழங்குடி மக்கள் தொடங்கிய அலாஸ்கா பூர்வகுடி சகோதரத்துவம் என்ற அமைப்பு பொறிகளை விடாமல் எதிர்த்தது. 1948-ல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பொறிகளுக்கு எதிராக மிகப்பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டார்கள். வாஷிங்டன் அசையவில்லை. மக்கள் கருத்துக்கு சட்ட பலம் கிடையாதே.

1953. சால்மன் வரத்து படுத்துவிட்டது. வெள்ளம், பூகம்பம் வந்தால் அறிவிப்பது மாதிரி, அலாஸ்காவின் மீன்பிடி ஊர்களைப் பேரிடர் பகுதி என்று ஜனாதிபதி ஐசன்ஹோவர் அறிவித்தார். நோயாளி ஐசியுவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1955 நவம்பரில் 55 பேர் கூடி, வரப்போகும் மாநிலத்துக்கு அரசியலமைப்பு எழுத உட்கார்ந்தார்கள். அதில் ஒரே ஒருவர்தான் பூர்வகுடி. ஃப்ராங்க் பெராட்ரோவிச். டிலிங்கிட். எந்த ஊர் தெரியுமா? கிளாவாக். முதல் டின் ஃபேக்டரி வந்த அதே கிளாவாக். மாநாட்டின் துணைத்தலைவராகவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் எழுதியதில் ஒரு வரி முக்கியம். மீன், காடு போன்றவற்றை அவை தொடர்ந்து விளைந்துகொண்டே இருக்கும் அளவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். வட்டியை எடு, முதலில் கை வைக்காதே. அவ்வளவுதான் விஷயம்.

1956 ஏப்ரலில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஒரு கேள்வி அரசியலமைப்புக்கு. இன்னொன்று, மாநிலமானதும் மீன் பொறிகளை ஒழிப்பதற்கு. இரண்டும் ஜெயித்தன. ஆனால் பாருங்கள், அரசியலமைப்புக்கு விழுந்த ஆதரவு ஓட்டுகளை விட பொறி ஒழிப்புக்கு விழுந்த ஓட்டுகள் அதிகம்! ஐந்து பேர் ஒழி என்றால் ஒருவர்தான் வேண்டாம் என்றார். தனி மாநிலம் வேண்டுமா என்பதில் தயங்கியவர்கள்கூட பொறி வேண்டாம் என்பதில் தயங்கவில்லை.

1959 ஜனவரி 3. அலாஸ்கா 49-வது மாநிலம். அந்த வருடத்தோடு கம்பெனிப் பொறிகளின் காலம் முடிந்தது. 1960-ல் மீன்வளம் மாநிலத்தின் கைக்கு வந்தது.

இங்கேயே கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஒரு மாத்திரையில் எல்லாம் குணமானது என்று ஒரு டாக்டர் சொன்னால் நம்பாதீர்கள்.

பொறி போன 1959-ல் மொத்தப் பிடிப்பு சுமார் 2.5 கோடி. அதன் பிறகு கொஞ்சம் ஏறியது. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் மறுபடியும் அதள பாதாளம். பொறி போன இடத்தில் படகுகள் பெருகிவிட்டன. அதனால் 1972-ல் அரசியலமைப்பைத் திருத்தி, 1973-ல் தொழில்முறை மீன்பிடி உரிமங்களுக்கு எண்ணிக்கை வரம்பு கொண்டுவந்தார்கள். குஞ்சு பொரிப்பகங்கள் கட்டினார்கள். கரையிலிருந்து 200 மைல் வரை வெளிநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976-ல் வந்தது. அதே சமயத்தில் வட பசிபிக் கடலின் வெப்பநிலையும் சால்மனுக்குச் சாதகமாக மாறியது. இதில் எந்த மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. நோயாளி எழுந்து உட்கார்ந்தார். 2013-ல் பிடிப்பு 27 கோடியைத் தாண்டியது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நின்றது ஒரு எளிய பழக்கம். முதலில் ஆற்றுக்குள் போகும் மீனை எண்ணு. போதுமான அளவு உள்ளே போன பிறகுதான் பிடிக்கலாம். கோபுரத்தில் உட்கார்ந்து கண்ணால் எண்ணுவார்கள், சோனார் வைத்தும் எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பகுதி அதிகாரியே சில மணி நேரத்தில் மீன்பிடியை மூடலாம். வாஷிங்டனுக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். நோயாளி பக்கத்தில் இருக்கும் டியூட்டி டாக்டரே முடிவெடுக்கலாம் என்பது மாதிரி.

பக்க விளைவும் உண்டு. அந்த உரிமங்களை விற்கலாம் என்று சட்டம் சொன்னது. பணமுடை வந்தபோது பல பூர்வகுடிக் கிராமத்தார் விற்றுவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கரையில் மீன் பிடித்தவரின் பேரன், இன்று வணிகத்துக்கு மீன் பிடிக்க உரிமம் இல்லாமல் கரையில் நிற்கும் ஊர்கள் இருக்கின்றன. சட்டம் மீனைக் காப்பாற்றியது. எல்லா மனிதர்களையும் காப்பாற்றவில்லை.

மீனும் எல்லா இடத்திலும் நலம் இல்லை. வடக்கே 3,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் யூகான் ஆற்றில் கிங் சால்மன் சரிந்துவிட்டது. சூடாகும் நீர், இக்தியோஃபோனஸ் என்ற ஒட்டுண்ணி, கடலில் வேறு மீனுக்கு வீசிய வலையில் சிக்குவது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஒரு ஒப்பந்தம் போட்டன. யூகான் கிங் சால்மனை 7 வருடம் பிடிக்கக் கூடாது. மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று அது. ஆற்றங்கரைக் கிராமத்துப் பாட்டிகள் பேத்திகளுக்கு மீன் பிளக்கக் கற்றுக்கொடுக்கும் கோடைகாலக் கூடாரங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஏழு வருடத்தில் ஒரு குழந்தை எவ்வளவு வளர்ந்துவிடும், யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் நண்பனின் ஒரு இன்ச்சுக்கு வருவோம்.

தென்கிழக்கு அலாஸ்காவில் தூண்டிலில் மாட்டும் கிங் சால்மனில் பெரும்பகுதி அங்கே பிறந்ததே இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் ஆறுகளில் பிறந்து மேய்ச்சலுக்கு வந்தவை. அதனால்தான் 1985-ல் இரண்டு நாடுகளும் பசிபிக் சால்மன் ஒப்பந்தம் போட்டு யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பிரித்தன. வெளியூர் ஆள் கிங் சால்மன் பிடிக்கத் தனிக் கட்டணம், வருடத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு, பிடித்ததும் அந்த இடத்திலேயே பேனாவால் பதிவு, 28 இன்ச் அளவு, எல்லாம் கிங் சால்மன் பிடிப்பைக் கட்டுக்குள் வைக்கத்தான். 27 இன்ச் கிங் என்றால் பெரும்பாலும் இன்னும் பருவத்துக்கு வராத மீன். அதன் ஒரே சான்ஸ் இன்னும் பாக்கி இருக்கிறது.

மறுநாள் காலையில் இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். பன்னிரண்டு நிமிடம். முழுக்கக் கேட்டானா தெரியாது. சாயங்காலம் பதில் வந்தது.

"டேய், படகுக்காரர்கிட்ட நீ சொன்னதைச் சொன்னேன். சிரிச்சார். அவங்க தாத்தா ராத்திரியில பொறியைத் திறந்து மீன் திருடின ஆளாம். 'அவர் அன்னிக்குத் திருடினார், நான் இன்னிக்கு அளக்குறேன், ரெண்டும் ஒரே காரணத்துக்குத்தான்'னு சொன்னார்டா."

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பின்குறிப்பு: "டாக்டர், அப்போ நாங்களும் சால்மன் வாங்கிச் சாப்பிடணுமா?" என்று இன்பாக்ஸில் கேட்பீர்கள், தெரியும். நம்ம ஊரில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மன் குடும்பம் இல்லை. ஒமேகா 3 வேண்டுமென்றால் நம்ம மத்தியும் அயிலையும் போதும். விலையும் குறைவு. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.